வெல்வெட் உறை போட்ட இயந்திரம்

அல்சூர் ஏரிக்குப் பின்னால், மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்த வளாகம் ஒன்றில், அணுக்கதிர் நோயறி ஆய்வு நிலையம் இருந்தது. அதில் இல்லாதது எதுவுமில்லை, அணுக்கதிரைத் தவிர. இயக்குநர் இருந்தார், துணை இயக்குநர்கள் இருந்தார்கள், ஈயத்தகடு அடித்த அறைகள் இருந்தன. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கோதண்டராமன் இருந்தார். அவர் தினமும் காலையில் கதிர் அளக்கும் பெட்டியைத் தோல் உறையிலிருந்து உருவி, வராந்தா, கழிப்பறை, கேன்டீன் என்று எல்லா இடத்திலும் காட்டிவிட்டு, வாசல் கரும்பலகையில் "இன்றும் கசிவு இல்லை" என்று எழுதுவார். வராத ஒன்றைக் கசியாமல் பார்த்துக்கொண்டதற்காக அவருக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்திருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் பிப்ரவரியில், முதுகுவலியோடு இந்த வளாகத்துக்குள் வந்து சேர்ந்தாள் தொம்மலூர் சரசு.

சரசு ப்ளவுஸ் தைப்பவள். பழைய ஊருக்குள், கோயிலுக்குப் போகிற சந்தில் வீடு. முன்னறையில் தையல் மெஷின். புருஷன் ராஜேந்திரன் ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரிக்கு பஸ் ஓட்டுகிறான். அதற்கு முந்தைய தீபாவளி சமயத்தில் சரசுவின் இடது மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, பொங்கலுக்குள் மார்பையே எடுத்துவிட்டார்கள். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு அளவெடுத்தவள், தன் ப்ளவுஸுக்குள் ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு, அழுவதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தாள். அப்போதுதான் முதுகு வலிக்க ஆரம்பித்தது.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "இது எலும்புக்குப் பரவியிருந்தா உடனே பலமான மருந்து ஆரம்பிக்கணும். பரவலைன்னா அந்த மருந்தே வேண்டாம், அது சும்மா சாப்பிடற மருந்து இல்ல. பரவியிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அல்சூர்ல புதுசா ஒரு மருந்து வெச்சு டெஸ்ட் பண்ணப் போறாங்களாம், போய்ப் பாருங்க."

சரசுவுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதில்தான். பரவியிருக்கா, இல்லையா?

நிலையத்தில் முதலில் நேர்முகத் தேர்வு வைத்தார்கள். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கோட்டு போட்டவர்கள். நடுவில் இயக்குநர் டாக்டர் வெங்கடகிருஷ்ணன். அவர் தாத்தா மைசூர் திவான் கச்சேரியில் இருந்தவர், அப்பா விதான சௌதா தலைமைச் செயலகத்தில் இருந்தவர். அதனால் இயக்குநருக்கு எதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துப் பழக்கம்.

"இந்தப் பரிசோதனையில் ஏன் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள்?"

"முதுகு வலிக்குது சார்."

மேஜைக்கு அந்தப் பக்கம் முகங்கள் சுளித்தன.

"அது காரணமல்ல அம்மா. அது சொந்த விஷயம். 'அறிவியல் முன்னேற்றத்துக்கு என்னால் ஆன உதவி' என்று சொல்லுங்கள்."

சரசு அப்படியே சொன்னாள். மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மருந்துக்குப் பெயர் விகே-ஒன்று. விகே என்பது யார் என்று நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றிச் சரசுவுக்குப் புரிகிற மாதிரி சொன்னவள் நிருபமா என்கிற பெண் ஒருத்திதான். மருந்தைக் கலப்பதும் இயந்திரத்தை இயக்குவதும் அவள் வேலை. படித்து முடித்த கையோடு வந்திருந்ததால், படித்ததையெல்லாம் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஊசி போட்டதும் இது உடம்பெல்லாம் போகும்மா. எலும்புல போய் ஒட்டிக்கும். மெஷின்ல படுக்க வெச்சா உங்க எலும்புக்கூடு மங்கலா ஸ்கிரீன்ல தெரியும். நோய் பரவின இடம் இருந்தா அங்க நிறைய ஒட்டிக்கும், பளிச்சுனு வெள்ளையா மின்னும்."

"வலிக்குமா?"

"இல்ல. ஆனா ஒண்ணு. இந்த மருந்தோட வெளிச்சம் நிக்காது. காலைல போட்டா மத்தியானத்துலயே பாதி போயிடும். அப்புறம் அதுல பாதி, அதுல பாதி. அதனால மத்தியானமே படம் எடுத்தாகணும்."

ஊசி போடுகிற நாளும் வந்தது. நல்ல நேரம் பார்த்து, ஈயக் குடுவைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஐயர் மந்திரம் சொல்ல, விகே-ஒன்று சரசுவின் கை நரம்பில் ஏறியது. இயந்திரம் அடுத்த அறையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பெரிய இயந்திரம். அதன் அறை வாசலில் நிலைக்காலுக்கு நிலைக்கால் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மத்தியானம் மந்திரி வந்து வெட்டுவார், வெட்டியதும் சரசுவைப் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள் என்று ஏற்பாடு.

மத்தியானம் ஆயிற்று. மந்திரி வரவில்லை.

நிருபமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் இயக்குநர் அறைக்கு ஓடுவதுமாக இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த சரசுவுக்கு எல்லாம் கேட்டது.

"சார், இப்பவே எடுத்துடலாம். மினிஸ்டர் வர்றப்போ பிரிண்ட் போட்டுக் காட்டிக்கலாம்."

"திறப்பு விழா ஆகாத மெஷினில் படம் எடுப்பதா?"

"ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு போயிடலாம் சார். ரிப்பன் அப்படியே இருக்கும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நிருபமா, இந்த நாட்டில் விஞ்ஞானம் ஏன் வளரவில்லை தெரியுமா? குனிந்து போகிறவர்களால்தான்."

நிருபமா வெளியே வந்து சரசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரசுவுக்கு அப்போதுதான் முதல் முறையாகப் பயம் வந்தது. உள்ளே எங்கேயோ அந்த மருந்து போய் உட்கார்ந்து மின்னிக்கொண்டிருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

பொழுது சாய்ந்தபோது சைரன் கேட்டது. மந்திரிக்கு முன்னால் அவருடைய பாதுகாப்பு அதிகாரி வந்தார்.

"இங்கே ஆபத்தான பொருள் ஏதாவது இருக்கா?"

கோதண்டராமன் இதற்காகவே பிறந்தவர். பெட்டியை உருவினார், வழக்கம்போல நாலு பக்கமும் காட்டினார், கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சரசுவுக்கு நேராகப் பிடித்தார். பெட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் சர்வீஸில் அது வாய்திறந்தது அன்றைக்குத்தான். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார்!" என்றார் தழுதழுத்த குரலில். "கசிவு!"

அடுத்து நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. இந்தப் பெண்மணி சத்தம் போடுகிறவரை மந்திரி உள்ளே வரமாட்டார் என்றார் பாதுகாப்பு அதிகாரி. மந்திரி வராமல் ரிப்பன் வெட்ட முடியாது என்றார் இயக்குநர். ரிப்பன் வெட்டாமல் படம் எடுக்க முடியாது. ஆகவே இந்தப் பெண்மணியின் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, நின்றபிறகு விழாவை வைத்துக்கொள்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"சார், அந்தச் சத்தம்தான் சார் படம்!" என்றாள் நிருபமா. "அது நின்னுட்டா மெஷின் எதைப் பார்க்கும்?"

"பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதம்மா," என்றார் கோதண்டராமன், பிள்ளைக்குச் சொல்வதுபோல. "நாளைக்கு மந்திரிக்கு ஏதாவது ஆயிற்று என்றால் கதிர்வீச்சா வந்து பதில் சொல்லும்? நான்தான் சொல்லணும்."

சரசுவை ஈயத்தகடு அடித்த அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் என்று பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தடிக்கண்ணாடி. சாப்பாட்டை ஆயா லட்சுமம்மா தரையில் வைத்து, ஒட்டடைக் குச்சியால் உள்ளே தள்ளிவிட்டாள்.

"ஊட்டா மாடம்மா, ஊட்டா மாடு," என்று சாப்பிடச் சொல்லி வாசலிலிருந்தே கெஞ்சினாள். "கோவிச்சுக்காதே. கிட்டப் போனா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க."

ராஜேந்திரன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து, வராந்தாக் கோடியில் கோதண்டராமன் கிழித்த சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்.

"சரசு! படம் எடுத்தாச்சா?"

"இன்னும் இல்லீங்க!"

"இன்னாதுக்கு உன்னைப் பூட்டி வெச்சிருக்காங்க?"

"நான் சத்தம் போடறேனாம்!"

"நீயா? நீ என்னாத்துக்குச் சத்தம் போடறே? கொஞ்சம் சும்மாதான் இரேன் சரசு, பெரிய மனுசங்க இருக்கற இடம்!"

சரசுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது முதுகில் சுளீரென்றது. இரும்புக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். இந்த வலிக்குப் பதில் இப்போது தன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அணைகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அவ்வப்போது கண்ணாடிக்கு வெளியே நிருபமாவின் முகம் வரும்.

"போயிட்டே இருக்கும்மா," என்பாள், அழாக்குறையாக.

மறுநாளும் பெட்டி முனகியது. அதற்கும் மறுநாள் காலையில் கோதண்டராமன் பெட்டியை சரசுவின் தலைமுதல் கால்வரை காட்டினார். பெட்டி வாய் திறக்கவில்லை. வெளியே போய்க் கரும்பலகையில் "பெண்மணி சுத்தம்" என்று எழுதினார்.

மந்திரி வந்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். சரசுவைப் படுக்க வைத்து, இயந்திரத்தின் தலையை அவள்மேல் நகர்த்தி, எல்லோரும் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். ஸ்கிரீன் கன்னங்கரேலென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளிகள்.

"அது என்ன?" என்றார் மந்திரி.

"தூசி சார்," என்றார் இயக்குநர். ஒரு நிமிஷம் அவரும் தடுமாறித்தான் போனார். ஆனால் மந்திரியும் பத்திரிகைக்காரர்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் நிமிர்ந்துகொண்டார். "பார்த்தீர்களா? நோய் பரவியிருந்தால் பளிச்சென்று மின்னும். எங்கேயாவது மின்னுகிறதா? இல்லை! இந்தத் தாய்க்கு நோய் எங்கும் பரவவில்லை! முதல் பரிசோதனையிலேயே நம் விகே-ஒன்று நூறு சதவிகித வெற்றி!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. சரசு படுத்தவாறே தலையைத் திருப்பி ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். "இதுல என்னையே காணோமே சார். எலும்பு மங்கலாத் தெரியும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

இயக்குநர் குனிந்து, கனிவோடு அவள் தோளைத் தட்டினார். "அம்மா, நீங்கள் தெரியாமல் இருப்பதுதான் நல்ல செய்தி."

நிருபமா சுவரோரமாக நின்றிருந்தாள். அவள் வாய் திறந்தது, பக்கத்தில் நின்ற துணை இயக்குநர் ஒருவர் பார்த்தார், மூடிக்கொண்டது.

சரசுவும் சந்தோஷப்பட்டாள். ஏன் படமாட்டாள்? இவ்வளவு பெரிய மனிதர்கள் இல்லை என்று சொல்லும்போது, இருக்கிறது என்று அடம்பிடிக்க அவளுக்கென்ன வேண்டுதலா? ஆபரேஷன் செய்த டாக்டருக்கு "பரவவில்லை" என்று எழுதிப் போனது. பலமான மருந்து வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். ராஜேந்திரன் சந்து முழுக்க மைசூர்பாகு கொடுத்தான்.

கறுப்புப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, நிலைய வாசலில் மாட்டினார்கள். கீழே "முதல் வெற்றி". உள்ளே வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள்.

அதற்குப்பிறகு அந்த இயந்திரத்தில் யாரையும் படுக்க வைக்கவில்லை. காரணத்தை ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இயக்குநரே விளக்கினார். "இப்போது நமக்கு நூறு சதவிகிதம் இருக்கிறது. இரண்டாவது ஆளைப் படுக்க வைத்தால் அது ஐம்பது ஆகிவிடும் அபாயம் உண்டு. எந்தப் பொறுப்புள்ள விஞ்ஞானியும் அந்த அபாயத்தை எடுக்கமாட்டான்." தீர்மானம் நிறைவேறியது. இயந்திரத்தில் தூசி படக்கூடாது, மந்திரியே கேட்டுவிட்டார் என்பதால், அதற்கு ஓர் உறை தைப்பது என்றும் தீர்மானமாயிற்று. யார் தைப்பது? முதல் நோயாளியே தையல்காரி. அதைவிடப் பொருத்தம் உண்டா?

சரசு வந்து அளவெடுத்தாள். மெரூன் வெல்வெட்டில், ஓரத்தில் ஜரிகை வைத்து, பின்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தலை பெருத்து, கை ஒற்றையாக நீண்ட அந்த இயந்திரத்துக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது. தைத்து முடித்து எழுந்தபோதுதான் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வலி மழைக்காலத்தில் வளர்ந்தது. முதலில் மெஷின் மிதிக்க முடியவில்லை. அப்புறம் குடம் தூக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர், "படம் சுத்தமா இருக்கே, எதுக்கும் அங்கேயே இன்னொரு தரம் எடுத்துட்டு வாங்க," என்றார். ராஜேந்திரன் தாங்கிப் பிடித்துக்கொண்டு இயக்குநரிடம் கூட்டிப்போனான்.

"உங்களுக்கு வலி இருக்க முடியாது," என்றார் இயக்குநர். கோபமில்லை, வருத்தம்தான்.

"இருக்குது சார். உட்கார முடியலை."

"இந்தப் பரிசோதனை நோய் பரவியிருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு. உங்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை என்று நாங்களே நிரூபித்துவிட்டோம். நிரூபணமானவரை மறுபடி சோதித்தால், எங்களை நாங்களே சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா? யோசித்துப் பாருங்கள்."

"சார், தப்பாயிருந்தா இவ செத்துப்போயிடுவா சார்," என்றான் ராஜேந்திரன்.

"முதல் வெற்றி அப்படியெல்லாம் சாக மாட்டாரப்பா," என்று சிரித்தார் இயக்குநர். அவருக்குக் காபி வந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. நிலையத்தில் ஆயுத பூஜை என்றால் வருஷத்திலேயே சுறுசுறுப்பான நாள். எல்லா இயந்திரத்தையும் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு வரிசையாக வைப்பார்கள். உறையைக் கழற்றித் துவைத்து இஸ்திரி போட்டுத் திரும்ப மாட்ட, முந்தின நாள் காலையிலேயே தையல்காரியை வரச்சொல்லி ஆள் வந்தது. நிமிர முடியாத சரசு, போகமாட்டேன் என்று சொல்லவில்லை. வரச்சொல்லலாம் என்று யோசனை சொன்னதே நிருபமாதான் என்று வந்த ஆள் சொல்லியிருந்தான்.

இயந்திர அறையில் நிருபமா மட்டும் இருந்தாள். கதவைச் சாத்தினாள். கையில் ஈயக் குடுவை.

"அன்னைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்மா," என்றாள். "இன்னைக்குக் காலைலயே கலந்து வெச்சேன். போடட்டுமா?"

"போடு கண்ணு," என்று கையை நீட்டினாள் சரசு.

மருந்து உடம்பில் பரவுகிற நேரம் முழுக்க சரசு உறையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குனிய வேண்டிய இடத்தில் நிருபமா குனிந்தாள். வெளியே லட்சுமம்மா மாவிலை கட்டிக்கொண்டே காவல் இருந்தாள். மத்தியானம் சரசுவைப் படுக்க வைத்து, நிருபமா விசையைத் தட்டினாள்.

ஸ்கிரீனில் முதலில் புகைபோல ஒன்று வந்தது. அப்புறம் மண்டை ஓடு, தோள், விலா. ஒரு பெண்ணின் எலும்புக்கூடு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. அதன்பின் முதுகெலும்பில் மேலிருந்து கீழாக, இடுப்பில், வலது தொடையில், பளிச்பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள். எங்கெங்கே பிரித்துத் தைக்க வேண்டும் என்று குண்டூசி குத்திவைத்த ப்ளவுஸ் மாதிரி இருந்தது. நிருபமா திரும்பவில்லை. அவள் தோள் குலுங்குவதைச் சரசு பார்த்தாள்.

"இது அன்னைக்கே இருந்துச்சா?"

"தெரியலைம்மா," என்றாள் நிருபமா. "அன்னைக்கு நாம பார்க்கவே இல்லையே."

சரசுவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மாதம். மருந்து சாப்பிட்டிருக்க வேண்டிய இத்தனை மாதமும் அவள் வெல்வெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. இயக்குநர், பின்னால் மறுநாள் பூஜைக்கான பூசணிக்காயோடு கோதண்டராமன், அவருக்குப் பின்னால் மாலைத் தட்டோடு இரண்டு துணை இயக்குநர்கள். கோதண்டராமனின் இடுப்பில் பெட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. இயக்குநர் ஸ்கிரீனைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அவர் படித்த மனிதர், பார்த்தது என்னவென்று அவருக்குத் தெரியும். நிருபமாவின் பக்கம் திரும்பினார்.

"பூஜைக்கு வைத்த மெஷினில் யாராவது வேலை செய்வார்களா?" என்றார்.

பெட்டி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்துங்கள்," என்றார் இயக்குநர். எதை என்று அவர் சொல்லவில்லை. கோதண்டராமன் பெட்டியை நிறுத்தினார். ஒரு துணை இயக்குநரின் கை ஸ்கிரீனின் சுவிட்சுப் பக்கம் போனது.

இயந்திரத்தின் தலைக்குக் கீழே படுத்திருந்த சரசு, எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். துணி வெட்டிக் காய்த்த கை, பிடி வலுவாக இருந்தது.

"பிரிண்ட் போடும்மா நிருபமா," என்றாள். "நான் டாக்டருக்குக் காட்டணும். இதுல நான் இருக்கேன்."